புது மினி பிசி திணறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டால் இருப்பதே தெரியாத மினி பிசி இப்போது வீடு, கடை, ஆடிட்டர் அலுவலகம், பள்ளி என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. வாங்கிய முதல் வாரத்திலேயே பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "புதுசுதான், ஆனா ரொம்ப ஸ்லோ." உடனே ஒருவர் ரேம் கூட்டச் சொல்வார், இன்னொருவர் விண்டோஸை மாற்றச் சொல்வார். எது முட்டுகிறது என்று பார்க்காமல் செலவு செய்தால் பணமும் போகும், வேகமும் வராது.

அதற்கு முன் ரசீதை எடுத்து, திருப்பித் தரவோ மாற்றித் தரவோ எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கெடு முடியும்வரை ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். சில பெட்டிகளில் ஒரு ஸ்க்ரூவின் மேல் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் கடைக்காரருக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 11 ஓடும் பெட்டிகளுக்கு. இன்டெல் என்100, என்95, என்150 போட்ட சிறிய பெட்டிகள், ரைசன் லேப்டாப் சிப் போட்டவை, புதுப்பித்து விற்கப்படும் ஒரு லிட்டர் அளவு அலுவலகப் பெட்டிகள் ஆகிய மூன்று வகையும் இதில் அடங்கும்.

முதலில் டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். இடப்பக்கம் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். திணறும் அந்த நொடியில் சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு இவற்றில் எது உச்சிக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. சும்மா இருக்கும்போது பார்த்த எண்ணால் பயனில்லை.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். என்100 என்பது 2023-ல் வந்த, 4 கோர் கொண்ட, 6 வாட் வகைச் சிப். நான்குமே மின்சாரம் சேமிக்கும் சிறிய கோர்கள். மொத்த வேகம் 2015-ல் வந்த ஐ5 மேசைக்கணினியின் அளவில் இருக்கும். பிரவுசர், பில் போடுவது, வேர்டு, எக்செல், படம் பார்ப்பது எல்லாம் தடையில்லாமல் ஓட வேண்டும். 4கே வீடியோ எடிட்டிங்கில் திணறினால் அதைப் பழுது என்று சொல்ல முடியாது, சிப்பின் எல்லை அது. ஆனால் வேர்டு திறக்க 20 நொடி ஆனால் அது பழுதுதான், விடாதீர்கள்.

அறிகுறி: வாங்கிய முதல் இரண்டு நாள் எல்லாமே மெதுவாக இருக்கிறது

பெரும்பாலும் இது பழுதில்லை. புது விண்டோஸ் முதல் தடவை இணையத்தைக் கண்டதும் பல மாத அப்டேட்டுகளை இறக்கும், டிரைவர்களைப் பதியும், கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணை போடும், டிஃபெண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை சோதிக்கும். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளை மேலே ஏற்றும். நான்கு கோர் சிப்பில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் நீங்கள் கேட்கும் வேலை வரிசையில் பின்னால் நிற்கும்.

டாஸ்க் மேனேஜரின் ப்ராசஸஸ் பட்டியலில் "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்", "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" போன்ற பெயர்கள் மேலே நின்றால் நடப்பது இதுதான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, எல்லாம் முடியும்வரை இறக்குங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள். மறுபடி தேடச் சொல்லுங்கள். "யூ ஆர் அப் டு டேட்" என்று வரும்வரை இரண்டு மூன்று சுற்று ஆகலாம். பிறகு ஒரு இரவு முழுக்க ஆன் செய்தே விடுங்கள். ஸ்லீப்புக்குப் போனால் வேலை நின்றுவிடும், எனவே அந்த இரவுக்கு மட்டும் ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்கள்.

பெட்டியோடு சோதனைக்கால ஆன்டிவைரஸ் வந்திருந்தால் இப்போதே நீக்குங்கள். முதலில் செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக நீக்கிவிட்டு, பிறகு அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியையும் ஓட்டுங்கள். பாதி நீக்கிய ஆன்டிவைரஸ் முழுதாக இருப்பதைவிட அதிகத் தொல்லை தரும். அது போனதும் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும்.

மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் கீழே படியுங்கள்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் யோசித்து யோசித்துத் திறக்கிறது, டிஸ்க் 100 காட்டுகிறது

மலிவான பெட்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். விளம்பரத்தில் சிப்பின் பெயரும் ரேமும் பெரிதாக இருக்கும், ஸ்டோரேஜ் எந்த வகை என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

பெர்ஃபார்மன்ஸில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். டைப் என்ற இடத்தில் எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க் என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சுழலும் தட்டில் விண்டோஸ் 11 எப்போதுமே இழுக்கும். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான வகை என்றிருந்தாலும் அதோடு நிம்மதி அடையாதீர்கள். 64 ஜிபி என்று விற்ற பெட்டியில் மொத்தக் கொள்ளளவு 58 ஜிபி அளவில் காட்டினால் அது பெரும்பாலும் இஎம்எம்சி, அதாவது மலிவு டேப்லெட்டில் இருக்கும் வகை. போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், கழற்ற முடியாது. விவரப் பக்கத்தில் இஎம்எம்சி என்று எழுதியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அடுத்து "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" என்ற எண். நல்ல எஸ்எஸ்டியில் சாதாரண வேலையின்போது இது சில மில்லிநொடிக்குள் இருக்கும். நூற்றுக்கணக்கில் போய் நின்றால் டிஸ்க் மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

உறுதி செய்ய கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். மேல் வரியில் வரும் பெரிய எண், தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டியில் அது 500 எம்பியைத் தாண்டும், இஎம்எம்சியில் 300 எம்பியைச் சுற்றி வரும். ஆனால் உங்கள் கைக்குத் தெரியும் வேகத்தைச் சொல்வது கடைசி வரிதான்: சின்னச் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பது. சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதில் நொடிக்கு 40 எம்பிக்கு மேல் தரும். ஹார்ட் டிஸ்க் 1 எம்பியைச் சுற்றித் தவிக்கும். விண்டோஸ் திறப்பதும் மென்பொருள் திறப்பதும் பெரும்பாலும் இந்தச் சிறு படிப்புகள்தான்.

என்100 பெட்டியில் என்விஎம்இ போட்டும் மேல் வரி 850 எம்பியைத் தாண்டவில்லையே என்று பதறுகிறவர்கள் உண்டு. அந்தச் சிப்புக்கு மொத்தமே 9 பிசிஐஇ 3.0 வழிகள், அதாவது தரவு போய்வரும் பாதைகள். நெட்வொர்க், வைஃபை எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் சில தயாரிப்பாளர்கள் பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடத்துக்கு ஒரே ஒரு வழி மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். கடைசி வரி நன்றாக இருந்தால் அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது.

ஹார்ட் டிஸ்க் அல்லது இஎம்எம்சி என்று தெரிந்தால், கெடுவுக்குள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்எஸ்டி உள்ள பெட்டி வாங்குவதே நல்லது. கெடு தாண்டியிருந்தால் எம்.2 இடம் காலியாக உள்ளதா என்று கையேட்டில் பாருங்கள். எம்.2 என்று மட்டும் சொல்லிக் கடையில் வாங்காதீர்கள். சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ போட்டால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42 மில்லிமீட்டர். 256 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

டிஸ்க் எஸ்எஸ்டிதான், முதலில் வேகமாக இருந்தது, நிரம்பிய பிறகு மெதுவாகிவிட்டது என்றால் காலியிடத்தைப் பாருங்கள். மலிவு எஸ்எஸ்டிகள் காலியிடத்தின் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். இடம் குறைந்தால் அதுவும் சுருங்கும். பெரிய கோப்பைப் படியெடுக்கும்போது முதலில் பறந்து, பாதியில் நொடிக்கு 100 எம்பிக்குக் கீழே விழுவதும் இதனால்தான். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் மிஞ்சும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறை மட்டுமே 10 ஜிபிக்கு மேல் பிடிக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக அதை நீக்குங்கள்.

அறிகுறி: நாலு டேப் வரை சரி, அதற்கு மேல் திறந்தால் உறைகிறது

இது மெமரி. பெர்ஃபார்மன்ஸில் மெமரியைச் சொடுக்குங்கள். "இன் யூஸ்" என்ற எண் மொத்த அளவை நெருங்கி, அதே நேரத்தில் டிஸ்க்கும் ஏறினால், ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. "கேஷ்டு" என்ற எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேட்டவுடன் விட்டுக்கொடுக்கும் இடம் அது.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது விண்டோஸ் ஏறுவதற்கான அளவு, வேலை பார்ப்பதற்கான அளவு அல்ல. 8 ஜிபியில் பிரவுசர், ஒரு கணக்கு மென்பொருள், வாட்ஸ்அப் மூன்றும் ஓடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 16 ஜிபி.

ரைசன் பெட்டிகளில் இன்னொன்று கவனியுங்கள். 8 ஜிபி போட்டிருக்கிறது, ஆனால் பயன்படுத்த 5.9 ஜிபிதான் என்று காட்டுகிறது. மெமரிப் பக்கத்தில் "ஹார்டுவேர் ரிசர்வ்டு" என்ற இடத்தில் 2 ஜிபி இருக்கும். திரைக்காக பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள், எடுத்து வைத்த பங்கு அது. பயாஸில் "யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்" என்ற பெயரில் இருக்கும் அமைப்பை 512 எம்பி ஆக்கினால் மீதி திரும்பக் கிடைக்கும். விளையாட்டு ஆடாதவர்களுக்கு அதுவே போதும்.

ஆனால் பயாஸில் எதையும் மாற்றும் முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புது விண்டோஸ் 11 பல பெட்டிகளில் டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்து பூட்டியிருக்கும். பயாஸ் மாறியதும் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளிருக்கும் கோப்புகள் போனதுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதியில் அந்தச் சாவி இருக்கும். தாளில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு பயாஸுக்குள் போங்கள்.

ரேம் கூட்டுவதென்றால், மெமரிப் பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்பதைப் பாருங்கள். மினி பிசியில் போடுவது லேப்டாப் ரேம்தான். என்100 சிப் ஒற்றைச் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே பாதை மட்டுமே ஏற்கும், எனவே பெட்டியில் ஒரே இடம் இருப்பது இயல்பு. இருக்கும் 8 ஜிபியைக் கழற்றிவிட்டு 16 போட வேண்டியதுதான். இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சமும் 16 ஜிபி. எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் ரேம் போர்டோடு சால்டர் ஆனது, கூட்ட வழியே இல்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது, அழுத்தாதீர்கள்.

ரைசனில் கதை வேறு. இரண்டு இடத்தில் ஒன்றில் மட்டும் 16 ஜிபி போட்டு விற்கிறார்கள். டிடிஆர்4 3200-ல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2 ஜிபி. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் அந்த ரேமையே நம்பியிருப்பதால், விளையாட்டிலும் வீடியோ எடிட்டிங்கிலும் இரண்டாவது ரேம் போட்டதும் தெளிவாக வித்தியாசம் தெரியும். டிடிஆர்5 ரேம் மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பெட்டி புது ரேமைப் பழகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

அறிகுறி: மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருக்க, எப்போதுமே ஆமை வேகம்

சிபியு பக்கத்தில் "ஸ்பீடு" என்ற எண்ணைப் பாருங்கள். வேலை கொடுக்கும்போது அது ஏற வேண்டும். என்100-ல் "பேஸ் ஸ்பீடு" 0.81 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுவது இயல்பே. ஆனால் ஒரு கனமான பக்கத்தைத் திறக்கும்போது ஸ்பீடு 2.5, 3 என்று தாவ வேண்டும், உச்சம் 3.4. எது செய்தாலும் 0.8-க்கு மேல் எழவில்லை என்றால் சிப்பை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பவர் அமைப்பை முதலில் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய், பவர் மோடு "பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி" என்றிருந்தால் "பேலன்ஸ்டு" ஆக்குங்கள். அதுவே போதும்.

அடுத்தது அடாப்டர். புதுப்பித்து விற்கும் அலுவலகப் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. டெல் மைக்ரோ பெட்டிகளின் அடாப்டர் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்பதைப் பெட்டி அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. விற்பவர் வேறு அடாப்டரைக் கொடுத்திருந்தாலோ ஊசி வளைந்திருந்தாலோ, ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்ற ஆங்கில எச்சரிக்கை வரும். யாராவது எண்டர் தட்டிக் கடந்துவிடுவார்கள். அதன் பிறகு சிபியு தரையில் தவழும். அசல் அடாப்டர் போட்ட உடனே சரியாகிவிடும். புது வகைப் பெட்டியிலும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். 12 வோல்ட் 3 ஆம்பியர் என்றால் 36 வாட். அதே பின் பொருந்துகிறது என்பதற்காக ரவுட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் பெட்டி திணறும், நடுவில் அணையும்.

மூன்றாவது பயாஸ். சில பெட்டிகளில் சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்ற மோடு இருக்கும், கடையிலிருந்து வரும்போதே சைலன்ட்டில் இருக்கும். ஒரு படி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு அடுத்த அறிகுறியைக் கண்டிப்பாகச் சோதியுங்கள்.

அறிகுறி: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது

வெப்பம். சிறிய பெட்டிக்குள் சிறிய ஹீட்சிங்க், சிறிய விசிறி. சிப் தன் வெப்ப எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும் மதுரையிலும் வேலூரிலும், குளிர்ந்த அறையில் சோதித்து விற்ற பெட்டியிடம் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசக் கருவியை சென்சார்ஸ் மட்டும் என்ற வகையில் ஓட்டுங்கள். 15 நிமிடம் வழக்கமான கன வேலையைச் செய்யுங்கள். சிபியு வெப்பநிலை 95 டிகிரியைத் தாண்டுகிறதா, "தெர்மல் த்ராட்லிங்" என்ற வரி "யெஸ்" என்று மாறுகிறதா என்று பாருங்கள். 70, 80 டிகிரி என்றால் கவலை வேண்டாம், இந்தச் சிப்புகள் அதற்காகச் செய்யப்பட்டவை. எஸ்எஸ்டியின் வெப்பத்தையும் அதே பட்டியலில் பாருங்கள். அது 75 டிகிரியைத் தாண்டினால் சிபியு சரியாக இருந்தும் கணினி விட்டுவிட்டு நிற்கும்.

செலவில்லாத வழிகள் முதலில். டிவி அலமாரிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். மேசை விரிப்பின் மேல் வைக்காதீர்கள், பல பெட்டிகள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. சுற்றிலும் ஒரு கை அகலம் விடுங்கள். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் இவற்றின் மேல் அடுக்காதீர்கள். மானிட்டரின் பின்னால் மாட்டியிருந்தால், மானிட்டரின் சூடு வெளியேறும் துளைகளுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு வாரம் மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். விசிறி இல்லாத பெட்டியை ஒருபோதும் மூடிய இடத்தில் வைக்கக் கூடாது. அதன் உலோக உடம்புதான் அதன் ஹீட்சிங்க்.

இவ்வளவும் செய்து, விசிறி கத்தியும், சும்மா இருக்கும்போதே 80-க்கு மேல் நின்றால் உள்ளே பொருத்தியதில் பிழை. தெர்மல் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, அல்லது ஹீட்சிங்கின் ஸ்க்ரூ ஒன்று தளர்வு. கெடுவுக்குள் இருந்தால் மாற்றிக் கேளுங்கள், பிரிக்காதீர்கள். எஸ்எஸ்டி மட்டும் சுட்டால் மூடியைக் கழற்றி, எஸ்எஸ்டிக்கும் மூடிக்கும் நடுவே உள்ள மெத்தைப் பட்டையைப் பாருங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிடுவது உண்டு. உரித்துவிட்டு மூடினால் சூடு இறங்கும்.

அறிகுறி: மவுஸ் இழுபடுகிறது, எழுத்து தாமதமாக விழுகிறது, ஆனால் எந்த எண்ணும் உச்சியில் இல்லை

கணினி வேகமாகத்தான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் மெதுவாகத் தெரிகிறது. 4கே டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ 1.4 வழியாகவோ மலிவு டைப்-சி மாற்றி வழியாகவோ இணைத்தால் திரை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 என்றிருந்தால் 60 ஆக்குங்கள். 60 பட்டியலிலேயே இல்லையென்றால் வேறு போர்ட்டில் மாட்டுங்கள், எச்டிஎம்ஐ 2.0 கேபிள் போடுங்கள், அல்லது 1080-க்கு இறக்கிவிடுங்கள். டிவி என்றால் அதன் மெனுவில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகூட்ட டிவி எடுத்துக்கொள்ளும் தாமதமும் குறையும்.

வயரில்லா மவுஸ் விட்டுவிட்டுத் தாவினால் அதன் டாங்கிள், அதாவது சின்ன யுஎஸ்பி ரிசீவர், எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் 2012-லேயே அறிக்கையாக வெளியிட்டது. மினி பிசியில் எல்லாத் துளையும் ஒட்டி ஒட்டி இருப்பதால் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே டாங்கிள் உட்கார்ந்துவிடும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளை மாட்டி மேசைமேல் கொண்டு வந்தால் போதும்.

அறிகுறி: யூடியூப் வீடியோ மட்டும் தட்டித் தட்டி ஓடுகிறது

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றிருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. படம் முழுவதையும் சிபியு தலையில் சுமக்கிறது. இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். டிரைவர் சரி என்றால் பிரவுசர் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் ஆன் ஆக இருக்க வேண்டும்.

அதன் பிறகும் தட்டினால், ஓடும் வீடியோவின் மேல் வலது சொடுக்கு போட்டு "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்கள். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிய முறையைக் காட்டும் வரியில் ஏவி01 என்று தொடங்கினால் அது ஏவி1 வகை. என்100 அதைத் தன் கிராஃபிக்ஸிலேயே பிரிக்கும். இன்டெலில் 11-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்புள்ள புதுப்பித்த பெட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. யூடியூபின் பிளேபேக் அமைப்பில் ஏவி1-ஐ சிறிய அளவுகளுக்கு மட்டும் என்று மாற்றினால் தட்டல் நிற்கும்.

அறிகுறி: ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மெதுவாக

வேர்டும் எக்செலும் திறக்க மட்டும் நேரம் எடுத்தால் பிரின்டரைச் சந்தேகியுங்கள். பழைய அலுவலக நெட்வொர்க் பிரின்டர் டீஃபால்ட்டாக இருந்து, அது இப்போது அணைந்திருந்தால், அந்த மென்பொருள்கள் திறக்கும்போது அதன் பதிலுக்காகக் காத்து நிற்கும். டீஃபால்ட் பிரின்டரை "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" ஆக்கிப் பாருங்கள். உடனே திறந்தால் காரணம் அதுதான்.

டேலி மட்டும் இழுத்தால், தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. வேறு கணினியிலிருந்து வைஃபை வழியாக எடுத்தால் ஒவ்வொரு வவுச்சருக்கும் பல சிறு போக்குவரத்து நடக்கும். இங்கே தேவை அலைவரிசையின் அகலம் இல்லை, தடங்கலில்லாத உடனடி பதில். இரண்டு கணினியையும் லேன் கேபிளில் கட்டுங்கள். பிறகு ஈதர்நெட் அமைப்பில் "லிங்க் ஸ்பீடு" 1000 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றால் கேபிளில் கம்பி அறுந்திருக்கும், அல்லது பழைய சுவிட்ச். தரவுக் கோப்புறை ஒன்டிரைவுக்குள் இருந்தால் வெளியே நகர்த்துங்கள். ஒவ்வொரு சேமிப்புக்கும் அது மேலே ஏற்றப் பார்க்கும், கோப்பு பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் அந்தத் தரவுக் கோப்புறையை மட்டும் சேர்க்கலாம். சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி: ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஒரு நிமிடம்

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் வலது மேல் மூலையில் "லாஸ்ட் பயாஸ் டைம்" என்ற எண் இருக்கும். 10 நொடிக்குள் இருந்தால் பயாஸ் சரி. 25, 30 என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் வழியாகத் தொடங்க முயன்று தோற்றபின் எஸ்எஸ்டிக்கு வருகிறது. பயாஸில் எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டு வாருங்கள். செருகியே வைத்திருக்கும் பென்டிரைவையும் எடுத்துப் பாருங்கள். பயாஸ் நேரம் சரி என்றால் அதே பக்கத்தில் "ஹை இம்பாக்ட்" என்று காட்டும் தேவையற்றவற்றை டிசேபிள் செய்யுங்கள்.

இணையத்தில் சுற்றும் ஒரு யோசனை, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் கோர் எண்ணிக்கையையும் மெமரி அளவையும் குறித்துக்கொடுப்பது. விண்டோஸ் எல்லாக் கோரையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. அங்கே உள்ள அந்த அமைப்புகள் சோதனைக்காக அளவைக் குறைக்கத்தான், கூட்ட அல்ல. ரெஜிஸ்ட்ரி துடைக்கும் கருவிகளையும் "பிசி பூஸ்டர்"களையும் போடவே போடாதீர்கள்.

எதிலும் சிக்கவில்லை என்றால்

பெட்டியோடு வந்த விண்டோஸையே சந்தேகிக்க வேண்டும். 2024-ல் சில மினி பிசிகளில் தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் ஏறி வந்தது வெளிப்பட்டது. பெயர் தெரியாத தயாரிப்பு என்றால் முதல் நாளே புதிதாக நிறுவுவது நல்லது.

அதற்கு முன் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் வழியாகப் போய் ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற கோப்புறையை முழுதாக ஒரு பென்டிரைவில் படியெடுங்கள். பல மினி பிசிகளின் வைஃபை டிரைவர் விண்டோஸில் இருக்காது. நிறுவி முடித்து இணையமே இல்லாமல் உட்கார வேண்டி வரும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ளவற்றை அப்டேட் செய்யச் சொல்லி இந்தக் கோப்புறையைக் காட்டினால் டிரைவர் ஏறிக்கொள்ளும். நிறுவும்போதே இணையம் கேட்கும் என்பதால் லேன் கேபிள் கையில் இருக்கட்டும்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள இன்னொரு பென்டிரைவில் நிறுவும் வட்டை உருவாக்குங்கள். டிஸ்க்கில் உள்ள பழைய பிரிவுகளை (பார்ட்டிஷன்) எல்லாம் நீக்கிவிட்டு நிறுவுங்கள். பெட்டியோடு வந்தது முறையான லைசன்ஸ் என்றால் அது போர்டோடு கட்டுண்டது, இணையம் வந்ததும் தானாகச் செயல்படும். முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். செயல்படவில்லை என்றால் உங்களுக்கு விற்றது பெரும்பாலும் உரிமமில்லாத நகல், அதையும் புகாரில் சேருங்கள்.

புதிதாக நிறுவியும் மாறவில்லை என்றால் பாகத்தில்தான் குறை. "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் கடையில் ரீசெட் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். திணறும் நேரத்து டாஸ்க் மேனேஜர் படம், கிரிஸ்டல்டிஸ்க்மார்க் முடிவு, 15 நிமிட வேலைக்குப் பிந்தைய வெப்பநிலைப் பட்டியல், பெட்டி அடியிலும் அடாப்டரிலும் உள்ள ஸ்டிக்கர்களின் படம் ஆகிய நான்கையும் தேதி தெரிய எடுத்து, விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த விவரத்தின் படத்தோடு சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.